குமாஸ்தா வைத்த பெயர்கள்

சென்னை சவுகார்பேட்டையில் டிரெவெலியன் பேசின் தெரு என்று ஒன்று இருக்கிறது. கடைப் பலகைகளில் அந்தப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். 1859-60இல் மதராஸ் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியனின் பெயர் அது. பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவர். கல்கத்தாவிலிருந்து வந்த வருமான வரி கூடாது என்று ஊரறிய எதிர்த்து, ஓராண்டு சொச்சத்தில் திருப்பி அழைக்கப்பட்டவர். அதற்கு முன், அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணக் கஜானாவை இறுக்கிப் பிடித்தார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. அந்த வழக்கு இங்கே வேண்டாம். எனக்கு வேண்டியது பெயர்தான். டிரெவெலியன் என்பது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில், செயின்ட் வீப் என்ற ஊரில் உள்ள ஒரு பண்ணை. குடும்பத்தார் சொல்லும் கதை வேறு. கடலில் மூழ்கிப்போன லயனெஸ் நாட்டிலிருந்து வெள்ளைக் குதிரை மேல் கரையேறியவனின் வம்சம் தாங்கள் என்பார்கள். குலச்சின்னத்திலும் அலையிலிருந்து எழும் குதிரைதான். பெயர் என்னவோ குதிரையைப் பற்றி மூச்சு விடவில்லை. பண்ணையைச் சொல்கிறது.

நான் கோலார் தங்கவயல்காரன். சாம்பியன் ரீஃப் டைம் ஆபீஸில் பேரேடு எழுதிப் பிழைத்தவன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியதும் வெளியே வந்தேன். 1880இல் தங்கவயல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் கைக்கு வந்தது. டெய்லர் கம்பெனி கார்ன்வாலின் செம்புச் சுரங்கங்களில் தொழில் பழகியது. அதனால் பூமிக்கடியில் வேலை வாங்க அங்கிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சுரங்கத் தலைமைக்காரனை 'கேப்டன்' என்று அழைப்பது கார்ன்வால் வழக்கம். கப்பலே பார்க்காத கேப்டன்கள்! எங்களுக்கு அவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரத் துரைகள்தான். இங்கிலீஷ்காரன் வேறு, கார்னிஷ்காரன் வேறு என்று என் தாத்தா காலத்தில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பழைய பேரேடுகளைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது: துரைமார் பெயர்களில் பாதி ட்ரெ, பென் என்றே ஆரம்பிக்கிறதே, ஏன்?

விஷயம் எளிது. கார்னிஷ் மொழி ஆங்கிலத்தின் கிளைமொழி அல்ல. வேல்ஷுக்கும் பிரெத்தோனுக்கும் உடன்பிறப்பு. அதில் 'ட்ரெ' என்றால் குடியிருப்புப் பண்ணை. 'பொல்' என்றால் குட்டை. 'பென்' என்றால் தலை, முனை, கோடி. 'நான்ஸ்' பள்ளத்தாக்கு. 'போஸ்' வசிக்கும் இடம். 'சை' வீடு. 'கெர்' பழைய மண்கோட்டை. இவ்வளவு தெரிந்தால் பாதிப் பெயர்களைப் பிரித்துவிடலாம். பெங்கெல்லி என்றால் தோப்பின் கோடி. நான்கேரோ என்றால் மான் பள்ளம். கார்த்யூ கருங்கோட்டை. செனோவெத் புது வீடு. ட்ரெனோவெத் புதுப் பண்ணை. பெயரைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழாது, அடுத்ததில் விழும். பண்ணை என்பது எல்லாருக்கும் பொது. எந்தப் பண்ணை என்பதுதானே செய்தி?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துத் திரிபு. நம் புணர்ச்சி விதிபோல அங்கேயும் இரண்டு சொல் சேர்ந்தால் எழுத்து மாறும். ஆனால் மாறும் இடம் சொல்லின் முதலெழுத்து. அதுவும் முன்னால் வரும் சொல் பெண்பாலா ஆண்பாலா என்று பார்த்து. 'ட்ரெ' பெண்பால். அதனால் 'பியன்', அதாவது சின்னது, என்ற சொல் அதன் பின்னால் வந்தால் ப போய் வ வரும்: ட்ரெவியன், சின்னப் பண்ணை. 'மெயர்', பெரியது, என்றால் ம போய் வ வரும்: ட்ரெவியர், பெரிய பண்ணை. வெள்ளைக்கு உள்ள 'க்வின்' என்ற சொல், பண்ணையோடு சேரும்போது முதல் மெய்யை உதிர்த்து ட்ரெவின் ஆகும். 'சை' ஆண்பால். ஆகவே வெள்ளை வீடு என்னும் செக்விடனில் அந்த க் அப்படியே நிற்கிறது. இன்று செக்விடன் என்று கையெழுத்துப் போடும் ஒருவருக்கு ஒரு வார்த்தை கார்னிஷ் தெரியாமல் இருக்கலாம். மொழியின் பால் விதி அவர் கையெழுத்தில் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது.

1602இல் ரிச்சர்ட் கேரூ என்ற கனவான் கார்ன்வாலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ட்ரெ, பொல், பென் மூன்றையும் வைத்து கார்ன்வால்காரனை அடையாளம் காணலாம் என்ற சொலவடையை அச்சில் ஏற்றியவர் அவர். அதை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே நூலில் அவர் சொல்லும் இன்னொரு சங்கதியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மேற்குக் கார்ன்வாலில் ஒருவனின் பெயர் எப்படி அமையும் என்று உதாரணத்தோடு சொல்கிறார். தாமஸ் மகன் ஜான், பென்டார்விஸ் பண்ணையில் குடியிருந்தால், அவன் ஜான் தாமஸ் பென்டார்விஸ். தம்பி ரிச்சர்ட், ரிச்சர்ட் தாமஸ் பென்டார்விஸ். தன் பெயர், தகப்பன் பெயர், இடத்தின் பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. வீடு மாறினால் கடைசிப் பெயரும் மாறும். ட்ரெங்கோவ் குடும்பம் நான்ஸுக்குக் குடிபோய் நான்ஸ் ஆனது. பொனித்தன் குடும்பம் கார்க்ளூவுக்குப் போய் கார்க்ளூ ஆனது. தாமஸ் வீட்டு அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் கார்ன்சூ, மற்றவர் ரெஸ்க்ரோ. மண்ணுக்குத்தான் பெயர், அதில் குடியிருக்கும்வரை மனிதனுக்கு அதை இரவல் கொடுத்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் ஞாபகம் வந்தார்கள். இருவரும் குடியாத்தம் பக்கமிருந்து ஒன்றாக வந்து ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு குமாஸ்தா தாத்தா பெயருக்கு முன்னால் ஊரின் எழுத்தைப் போட்டான். இன்னொருவன் சின்னத் தாத்தா பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்தைப் போட்டான். பிற்பாடு பணப் பட்டுவாடா என்று வந்தபோது இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சாட்சி தேட வேண்டியிருந்தது. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவன் என்பதால் சொல்கிறேன்: பெயரை வைப்பது பெற்றோர், அதை நிலைக்க வைப்பது குமாஸ்தா.

இங்கிலாந்தில் அந்தக் குமாஸ்தா வேலையைச் செய்தது தேவாலயம். 1538இல் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அதற்குள் குடும்பப் பெயர் ஊறிப்போயிருந்தது. 1066இல் நார்மன்கள் வந்த சில தலைமுறைகளிலேயே லியோஃப்ரிக், எதெல்ரெட் போன்ற பழைய பெயர்கள் மங்கி, வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில பெயர்களே ஊர் முழுக்க நிறைந்தன. ஒரு கிராமத்தில் பத்து ஜான் இருந்தால் வரி வசூலிப்பவன் என்ன செய்வான்? தகப்பன் பெயர், தொழில், இடம், உடல் அடையாளம் என்று எதையாவது ஒட்டினான். செல்லப் பெயரும் ஏட்டில் ஏறியது. ரிச்சர்டைச் செல்லமாக டிக், ஹிக் என்றார்கள். டிக்சனும் ஹிக்ஸும் வந்தார்கள். ராபர்ட்டை ஹாப், டாப் என்றார்கள். ஹாப்கின்ஸ், டாப்சன் வந்தார்கள். 14ஆம் நூற்றாண்டுக்குள் இவற்றில் பெரும்பாலானவை தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் சொத்தாகிவிட்டன.

கார்ன்வாலின் எல்லையான டேமர் ஆற்றைத் தாண்டி மேற்கே போகப் போக அந்தப் பழக்கம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கார்னிஷ் பேசிய மேற்குக் கோடியில் 16ஆம் நூற்றாண்டிலும் ஜானின் மகன் தாமஸ், தாமஸ் ஜான். அவன் மகன் ரிச்சர்ட், ரிச்சர்ட் தாமஸ். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் எந்தத் தலைமுறையில் அது உறைந்ததோ, அந்தத் தலைமுறைத் தகப்பனின் பெயர் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கார்ன்வாலில் அதிகம் தட்டுப்படும் குடும்பப் பெயர்கள் ட்ரெயும் அல்ல, பென்னும் அல்ல. வில்லியம்ஸ், தாமஸ், ரிச்சர்ட்ஸ்! கேரூவின் சொலவடையை நம்பிப் போனால் கார்ன்வால்காரர்களில் பெரும்பாலோரைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

பண்ணைப் பெயராலும் அல்ல, தகப்பன் பெயராலும் அல்ல, தொழிற்பெயரால் ஒருவனை வரலாறு நன்றாக நினைவு வைத்திருக்கிறது. 1497இல் ஏழாம் ஹென்றி ஸ்காட்லாந்தோடு சண்டைக்கென்று ஒரு வரி போட்டான். சண்டை நடப்பது வடகோடியில். வரி கேட்பது தென்மேற்குக் கோடியில். லிசார்ட் தீபகற்பத்தில் செயின்ட் கெவெர்ன் என்ற ஊரின் கொல்லன் ஒருவன், முடியாது என்று கிளம்பினான். மைக்கேல் ஜோசஃப் என்பது அவன் ஏட்டுப் பெயர். ஊர் அழைத்தது ஆன் கோஃப். 'ஆன்' என்பது சுட்டு, 'கோஃப்' கொல்லன். பாட்மினில் தாமஸ் ஃபிளமங்க் என்ற வக்கீல் சேர்ந்துகொண்டார். கொல்லனும் வக்கீலும் ஆள் திரட்டி, இங்கிலாந்தின் குறுக்கே நடந்தே லண்டன் வாசலில் பிளாக்ஹீத் வரை வந்துவிட்டார்கள். ஜூன் 17ஆம் தேதி ராஜாவின் படை அவர்களை நொறுக்கியது. ஜூன் 27ஆம் தேதி டைபர்னில் இருவருக்கும் தூக்கு; உடலை நான்காக வெட்டினார்கள். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும் வழியில், தன் பெயர் அழியாமல் நிற்கும் என்று கொல்லன் சொன்னதாகப் பழைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். வாய்ச்சவடால் அல்ல. 500 ஆண்டு கழித்து, 1997இல், செயின்ட் கெவெர்னில் இருவருக்கும் சிலை வைத்தார்கள். அதே வழியில் லண்டனுக்கு ஒரு கூட்டம் மறுபடி நடந்தது. ஆங்கோவ் என்ற குடும்பப் பெயர் கார்ன்வாலில் இன்றும் உண்டு. அங்கிருந்து போன ஒரு ஆங்கோவ் டாக்டர் 1886இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டம் போட்டார். அந்த ஒயின் புட்டியில் இருப்பதும் கொல்லன் என்ற பெயர்தான்.

தொழிற்பெயர்கள் இன்னும் இருக்கின்றன. டையக் உழவன். மாரக் குதிரைவீரன். ட்ரஹேர் என்று ஒன்று உண்டு. காதில் விழும்போது ட்ரெ குடும்பத்துப் பெயர்போலத் தோன்றும். பண்ணைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தையற்காரன் என்று பொருள். எங்கள் சுரங்கத்தை நடத்திய டெய்லருக்கும் அதேதான் பொருள். ஆங்கிலப் பெயர்களிலோ ஒரே தொழில் வட்டாரத்துக்கு ஒரு பெயர் எடுத்தது. நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்துத் துவைத்து இறுக்குகிற வேலை ஒன்று அன்று இருந்தது. அதைச் செய்தவன் தென்கிழக்கே ஃபுல்லர், வடக்கே வாக்கர், தென்மேற்கே டக்கர். மூவர் பரம்பரையும் இன்று ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாலும், யாருடைய பாட்டன் எந்தத் திசை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பட்டப் பெயர்களில்தான் ஊர்க்காரர்களின் வாய் தெரிகிறது. அனியர் என்றால் நெட்டையன். மோயில் சொட்டைத் தலையன். கூச் சிவந்தவன். ஆங்வின் வெளுத்தவன். டைம் ஆபீஸில் எங்களுக்கும் நெட்டை முனுசாமி, சொட்டை முனுசாமி இருந்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், பட்டத்தைச் சொன்னால் வருவார்கள். பாராக்வனாத் என்ற பெயரைக் கேளுங்கள். 'பாரா' ரொட்டி, 'க்வனெத்' கோதுமை. ஏழைகள் பார்லி ரொட்டியில் வயிறு நிரப்பிய காலத்தில் ஒருவனைக் கோதுமை ரொட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ரொட்டி சுடுபவனாக இருக்கலாம். நம் ஊர் வாயை வைத்துச் சொன்னால், பண்டிகைக்குப் பண்டிகை நெல்லுச்சோறு தின்ற ஊரில், தினமும் தின்று அதைச் சொல்லியும் காட்டியவனாகத்தான் இருப்பான்.

பெயர்கள் நிலைத்தன, மொழி நிலைக்கவில்லை. 1549இல் ஆங்கில ஜெபப் புத்தகத்தைத் திணித்தபோது கார்ன்வால் மறுபடியும் எழுந்து, மறுபடியும் நசுக்கப்பட்டது. அதன் பிறகு மொழி மேற்கு நோக்கி ஒதுங்கிக்கொண்டே போனது. என் மகள் கார்ன்வாலில் ட்ரூரோ என்ற ஊரில் நர்ஸ். அவளைப் பார்க்கப் போனபோது பால் என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனாள். பக்கத்தில் மவுஸ்ஹோல் என்ற மீனவர் துறை. 1595இல் ஸ்பானியர் அந்தக் கரையில் இறங்கி வீடுகளையும் கோயிலையும் கொளுத்தினார்கள். பால் பங்கின் ஏடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. கல்லறைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரிக்கு, 1860இல் நெப்போலியன் வம்சத்து இளவரசர் லூயி லூசியான் போனபார்ட் எழுப்பிய கல். பேச்சுமொழியாகக் கார்னிஷ் அறிந்த கடைசி ஆள் என்று பெயர் வாங்கியவள் டாலி. 1768இல் டெயின்ஸ் பாரிங்டன் என்ற ஆங்கிலக் கனவான் தேடிவந்து பேசச் சொன்னபோது படபடவென்று பேசித் தீர்த்தாளாம். பென்ட்ரீத் என்றால் கடற்கரையின் தலைமாடு. ஆனால் கடைசி ஆள் என்ற பட்டம் அவ்வளவு சரியல்ல. 1776இல் அதே பாரிங்டனுக்கு வில்லியம் போடினார் என்ற மீனவர் கார்னிஷில் ஒரு கடிதம் எழுதினார். டாலிக்குப் பிறகு 12 ஆண்டு உயிரோடும் இருந்தார். அவருக்குக் கல் இல்லை. பெயரில் மட்டும் ஒரு 'போட்' இருக்கிறது, வசிக்கும் இடம்.

மொழி வாயிலிருந்து போன பின்பும் கார்ன்வால் உலகத்துக்குப் பெயர் சப்ளை செய்வதை நிறுத்தவில்லை. டென்ஸில் என்பது வடகரையில் மாகன் ஊரருகே இருந்த ஒரு பண்ணை. பிறகு அங்கிருந்த குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்துப் பெண் வழியில் வந்த டென்ஸில் ஹோலிஸுக்கு முதற்பெயர். 1642இல் முதலாம் சார்லஸ் பார்லிமெண்டுக்குள் நுழைந்து பிடிக்க முயன்ற ஐந்து உறுப்பினர்களில் அவர் ஒருவர். இப்போது டென்ஸில் இல்லாத ஆங்கிலோ-இந்தியத் தெரு எங்கள் ஊரில் கிடையாது. ஆர்தர் ராஜாவின் ராணி குவினிவெரின் பெயர் கார்ன்வாலில் ஜெனிஃபர் என்று வழங்கியது. நெடுங்காலம் அந்த மூலையைத் தாண்டவில்லை. 1906இல் பெர்னார்ட் ஷா தம் நாடகம் ஒன்றில் கார்ன்வால் நாயகிக்கு அந்தப் பெயரை வைத்தார், அது கிளம்பிவிட்டது. தங்கவயலில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜெனிஃபர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் அவர்களில் யாரும் கேப்டன்களால் வந்தவர்கள் அல்ல. சினிமாவும் ஞாயிறு பள்ளியும் கொண்டுவந்தவர்கள்.

பெயருக்குப் பொருள் சொல்கிற வேலையில் ஒரு ஆபத்து இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் டே ஊரின் பாதிரியார் ஜான் பானிஸ்டர் 20,000 கார்னிஷ் பெயர்களுக்கு அகராதி போட்டார். உழைப்பு அசுரத்தனமானது, முடிவுகளில் ஏராளமானவை காற்றில் கட்டியவை. இன்றைய உச்சரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் எந்தப் பெயருக்கும் ஒரு பொருள் கிடைத்துவிடும். நம் ஊரிலும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்ற பெயரில் இதுதான் நடக்கிறது. பின்னால் வந்த அறிஞர்கள் செய்தது வேறு: 13, 14ஆம் நூற்றாண்டு வரிப் பட்டியலிலும் நில ஆவணத்திலும் அந்தப் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். அரைகுறையாகக் காதில் வாங்கி எழுதிய குமாஸ்தாவின் பிழைகூட அவர்களுக்குச் சாட்சியாக நின்றது. கார்ன்வாலின் அந்தத் தாள்கள் இன்று ரெட்ரூத்தில், பழைய மது ஆலை ஒன்றைப் புதுப்பித்து 2019இல் திறந்த கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

தங்கவயலில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சுரங்கச் சம்பளச் சீட்டோ, வேலைச் சான்றோ, லைன் வீட்டு ஒதுக்கீட்டுத் தாளோ இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். அதில் உள்ள பெயர்களை இன்றைய வழக்குக்குத் திருத்தாமல், எழுத்துப் பிழையோடு அப்படியே ஒரு நோட்டில் படி எடுத்து வையுங்கள். ஊரின் எழுத்து எது, தகப்பன் எழுத்து எது என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், அதையும் இப்போதே கேட்டுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.